டெத் வேலியில் கூடாரம் அடித்துத் தங்கத் திட்டமிடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், நெவாடாவுக்குள்ளும் சிறிது நீண்டு கிடக்கும் டெத் வேலி தேசியப் பூங்காவுக்கு ஏறத்தாழ ஆண்டுதோறும் குடும்பத்தோடு போய்வருகிறேன். முதல்முறை அங்கே இரவு தங்க நினைக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பெயரே அச்சுறுத்துகிறதே, குழந்தைகளோடு அங்கே தங்குவது பாதுகாப்பானதுதானா?

குளிர்காலத்தில், போதிய தண்ணீரோடும் நல்ல நிலையிலுள்ள வண்டியோடும் போகிறவர்களுக்குப் பாதுகாப்பானதுதான். 1849-ஆம் ஆண்டின் கடைசியில், கலிஃபோர்னியாவின் தங்கத்தைத் தேடிக் குறுக்குவழியில் வந்த வண்டிக் கூட்டம் ஒன்று இந்தப் பள்ளத்தாக்கில் வழி தெரியாமல் சிக்கித் தவித்தது. தப்பி வெளியேறியவர்கள் விட்டுச் சென்ற பெயர்தான் 'மரணப் பள்ளத்தாக்கு'. அவர்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே திம்பிஷா ஷோஷோனி மக்கள் அங்கே வாழ்ந்துவந்தார்கள். இன்றும் பள்ளத்தாக்கின் அடியிலுள்ள ஃபர்னஸ் கிரீக்கில் அவர்களுடைய ஊர் இருக்கிறது. தங்கள் வீட்டுக்கு வழிதவறி வந்தவன் வைத்த அந்தப் பெயர் அவர்களுக்குப் பிடிப்பதில்லை என்பதில் வியப்பொன்றும் இல்லை.

அந்த மக்கள் குளிர்காலத்தில் பள்ளத்தாக்கின் அடியில் குடியிருப்பார்கள். வெயில் ஏறத் தொடங்கியதும் மேற்கிலுள்ள மலைகளுக்குப் பெயர்ந்து, பைன் கொட்டைகளைச் சேகரித்துக்கொண்டு, குளிர் வந்ததும் மீண்டும் இறங்குவார்கள். இனி வரும் விடைகளில் பாதி இந்த வழக்கத்தின் விரிவுரைதான்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

பள்ளத்தாக்கின் அடியில் தங்குவதானால் நவம்பர் முதல் மார்ச் வரை. ஃபர்னஸ் கிரீக்கில் டிசம்பர், ஜனவரிப் பகல்கள் சராசரியாக 18, 19 டிகிரி செல்சியஸ். இரவில் 4 டிகிரி வரை இறங்கும். பிப்ரவரியில் பகல் 23 டிகிரி, மார்ச்சில் 28 டிகிரி. ஏப்ரலில் 33 டிகிரியைத் தொட்டுவிடும். நம் ஊரில் வளர்ந்தவருக்கு அந்த எண் பெரிதாகத் தெரியாது என்றாலும், நிழலே இல்லாத சரளைத் தரையில் நாள் முழுவதும் அதைத் தாங்குவது வேறு அனுபவம். ஜூலையில் சராசரிப் பகல் வெப்பம் 47 டிகிரி, இரவின் குளிர்ந்த நேரத்திலேயே 31 டிகிரி. அதில் கூடாரத்துக்குள் யாரும் தூங்க முடியாது.

நம் ஐந்திணை மரபில் பாலைக்குச் சிறுபொழுது நண்பகல், பெரும்பொழுது வேனிலும் பின்பனியும். இங்கே முகாமிட வருபவர் நண்பகலையும் வேனிலையும் தள்ளிவிட்டுப் பின்பனியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். மாசி மாதக் கணக்கில் போனால் தவறே வராது.

நவம்பர் தொடக்கம், நன்றி நவிலல் விடுமுறை, கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரையிலான வாரம், பிப்ரவரியின் நீண்ட வார இறுதி ஆகிய நாட்களில் கூட்டம் நெரியும். காட்டுப்பூக்களைப் பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி பின்பாதியும் மார்ச்சும் உகந்தவை. ஆனால் 1998, 2005, 2016 ஆகிய ஆண்டுகளில் பள்ளத்தாக்கே மஞ்சள் போர்த்தியதுபோல் பூப்பதற்கு, முந்தைய இலையுதிர்காலத்திலேயே இடைவெளி விட்டு நல்ல மழை பெய்திருக்க வேண்டும். அதை நம்பி விடுப்பு எடுப்பது சீட்டாட்டம் போன்றது.

முகாம் திடல்கள் பல இருக்கின்றனவே, எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் பார்க்க வேண்டியது அந்தத் திடல் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை. கழிப்பறை, மேசை, நிழல் எல்லாம் அதற்குப் பின்னர்தான். பூங்காவின் மிகத் தாழ்ந்த இடமான பேட்வாட்டர் வடிநிலம் கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே அதைவிடத் தாழ்ந்த நிலம் இல்லை. அங்கே நின்று மேற்கே நிமிர்ந்து பார்த்தால் தெரியும் டெலஸ்கோப் சிகரத்தின் உயரம் 3,368 மீட்டர். ஒவ்வோர் ஆயிரம் அடி ஏற்றத்துக்கும் வெப்பநிலை மூன்று முதல் ஐந்து டிகிரி பாரன்ஹீட் வரை குறையும் என்று பூங்காவினர் கணக்குச் சொல்கிறார்கள். ஆகவே ஒரே நாளில், ஒரே பூங்காவில், அடியில் ஒருவர் விசிறிக்கொண்டிருக்க, மேலே இன்னொருவர் கம்பளியைத் தேடிக்கொண்டிருப்பார்.

ஃபர்னஸ் கிரீக் திடலும் சன்செட் திடலும் கடல்மட்டத்துக்கு 60 மீட்டர் கீழே இருக்கின்றன. டெக்சஸ் ஸ்பிரிங், ஸ்டவ்பைப் வெல்ஸ் இரண்டும் ஏறத்தாழக் கடல்மட்டம். மெஸ்கீட் ஸ்பிரிங் 550 மீட்டர், எமிகிரண்ட் 640 மீட்டர், வைல்ட்ரோஸ் 1,250 மீட்டர், தார்ன்டைக் 2,250 மீட்டர், மகாகனி பிளாட் 2,500 மீட்டர். டிசம்பர், ஜனவரியில் முதல் நான்கில் ஒன்று. மார்ச் கடைசியிலும் அக்டோபரிலும் மெஸ்கீட் ஸ்பிரிங்கோ வைல்ட்ரோஸோ. கோடையில் கடைசி இரண்டு மட்டும். அவ்வளவுதான் தேர்வு.

முதல் நான்கிற்குள் என் விருப்பத்தைக் கேட்டால், கூடாரத்தில் தங்கும் குடும்பத்துக்கு டெக்சஸ் ஸ்பிரிங்கைத்தான் சொல்வேன். சரிவின்மேல் இருப்பதால் மாலையில் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணெதிரே நிறம் மாறுவதைக் காணலாம். ஜெனரேட்டர் ஓட்ட அங்கே அனுமதி இல்லாததால் இரவு அமைதியாக இருக்கும். ஃபர்னஸ் கிரீக்கில் மரநிழலும், நடந்துபோகும் தூரத்தில் பார்வையாளர் மையமும் உண்டு. சன்செட் திடல், வீட்டு வசதியுள்ள பெரிய வண்டிகளுக்கென்று அமைந்த சரளை மைதானம். ஸ்டவ்பைப் வெல்ஸும் திறந்தவெளிதான் என்றாலும், மணல் குன்றுகளுக்குப் பக்கம் என்பதால் விடியற்காலையில் அங்கே போக விரும்புவோருக்கு ஏற்றது. அந்தத் திடலின் காற்றைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

முன்பதிவும் நுழைவுக் கட்டணமும் எப்படி?

ஃபர்னஸ் கிரீக் திடலுக்கு அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான இரவுகளை ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) தளத்தில் ஆறு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யலாம். விடுமுறை வார இறுதிகள் திறந்த உடனே தீர்ந்துவிடும் என்பதால் அலாரம் வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது. எந்தத் திடல் திறந்திருக்கிறது, எதற்குப் பதிவு வேண்டும் என்பதைப் புறப்படும் வாரத்தில் பூங்காவின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெள்ளத்துக்குப் பின் சாலைகளும் திடல்களும் மூடப்படுவது இங்கே வழக்கம்.

நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு ஏழு நாட்களுக்கு 30 டாலர். வாயிலில் நிறுத்திப் பணம் வாங்க ஆள் இருக்கமாட்டார். பார்வையாளர் மையத்திலோ சாலையோர இயந்திரத்திலோ நாமாகக் கட்ட வேண்டும். 2023 முதல் ரொக்கம் ஏற்பதில்லை.

எவ்வளவு தூரம், எப்படிப்பட்ட வண்டி வேண்டும்?

லாஸ் வேகஸிலிருந்து பாரம்ப் வழியாக ஏறத்தாழ 190 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஐந்து மணி நேரம். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்திலிருந்து எட்டு, ஒன்பது மணி நேரம். யோசெமிட்டி வழியாகச் செல்லும் டியோகா கணவாய் குளிர்காலம் முழுவதும் பனியால் மூடிக்கிடக்கும் என்பதால் பேக்கர்ஸ்ஃபீல்ட், டெஹாச்சபி என்று தெற்கே சுற்றித்தான் வர வேண்டும். இருட்டிய பின் கணவாய்களைக் கடந்து வந்து, டார்ச் வெளிச்சத்தில் கூடாரம் அடிப்பதைவிட, முதல் இரவை ரிட்ஜ்கிரெஸ்டில் ஒரு விடுதியில் கழித்துவிட்டுக் காலையில் நிதானமாக இறங்குவது எங்கள் வழக்கம்.

முக்கியமான இடங்கள் எல்லாம் தார்ச்சாலையில்தான் இருக்கின்றன. சாதாரணக் கார் போதும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். இப்போது வரும் பல கார்களில் ஸ்டெப்னியே இல்லாமல் பசைக்குப்பி ஒன்றை மட்டும் வைத்துக் கொடுக்கிறார்கள்; பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு அந்தப் பசை எதற்கும் ஆகாது. பெட்ரோல் ஃபர்னஸ் கிரீக், ஸ்டவ்பைப் வெல்ஸ், பேனமின்ட் ஸ்பிரிங்ஸ் ஆகிய மூன்று இடங்களில் கிடைக்கும், விலை கண்ணைக் கட்டும். பாரம்பிலோ ரிட்ஜ்கிரெஸ்டிலோ முழுத் தொட்டியாக நிரப்பிக்கொண்டு நுழையுங்கள். மேற்கிலிருந்து வருபவர் டவுன் கணவாயில் 1,500 மீட்டர் உயரம் வரை ஏறி, உடனே கடல்மட்டம் வரை இறங்க வேண்டும். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் கியரைக் குறைத்து இறங்குவது பிரேக்குக்கும் நமக்கும் நல்லது.

எவ்வளவு தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும்?

ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நான்கு லிட்டர் என்பது பொதுக் கணக்கு. நால்வர் மூன்று நாட்கள் தங்கினால் 48 லிட்டர். அதன்மேல் சமைக்க, கழுவ, வண்டி நின்றுவிட்டால் சமாளிக்க என்று 20 லிட்டர். தாழ்நிலத்துத் திடல்களில் குழாய்த் தண்ணீர் உண்டு. அப்படியிருக்க இத்தனை எதற்கு என்று என் மாமனார் முதல் பயணத்தில் கேட்டார். தண்ணீர் திடலில் இருக்கும், நாம் பகலெல்லாம் திடலுக்கு வெளியே இருப்போம் என்பதுதான் விடை. தார்ன்டைக்கிலும் மகாகனி பிளாட்டிலும் குழாயே கிடையாது.

ஒரே பெரிய கேனில் எல்லாவற்றையும் நிரப்பாதீர்கள். அது கசிந்தால் எல்லாம் போயிற்று. இரண்டு மூன்று கேன்களாகப் பிரித்து, ஒன்றைக் காரை விட்டு இறக்காமலே வைத்திருங்கள்.

வறண்ட காற்றில் வியர்வை தோலை நனைக்குமுன்பே ஆவியாகிவிடும். சென்னையில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டினால்தான் வியர்த்ததாக நாம் அறிவோம். இங்கே சட்டை காய்ந்தே இருக்கும், முதுகில் வெள்ளையாக உப்பு மட்டும் பூத்திருக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது குடிக்க வேண்டும். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும்; உப்பிட்ட மோர், ஊறுகாய், உப்புக்கடலை ஆகியவற்றுக்கு இங்கே மருத்துவ மதிப்பு உண்டு. சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை என்று பொருள். குழந்தைகளிடம் இதைக் கூச்சமில்லாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கூடாரத்துக்கும் படுக்கைக்கும் என்ன முன்னேற்பாடு தேவை?

வெப்பத்துக்கு எல்லோரும் அஞ்சுகிறார்கள். குளிர்காலத்தில் உண்மையில் தொல்லை கொடுப்பது காற்று. எங்கள் முதல் பயணம் ஒரு மார்ச் மாதத்தில். ஸ்டவ்பைப் வெல்ஸில் மதியம் கூடாரத்தை அடித்து, உள்ளே எதையும் வைக்காமல், கூடாரத்தோடு வந்த மெல்லிய அலுமினிய முளைகளை நான்கு மூலையிலும் அழுத்திவிட்டு, குழந்தைகளை மணல் குன்றுக்கு அழைத்துப் போனோம். திரும்பி வந்தபோது எங்கள் இடத்தில் இரண்டு வளைந்த முளைகள் மட்டும் இருந்தன; கூடாரம் நான்கு இடங்கள் தள்ளி, ஒரு முதியவரின் மேசைக்காலில் மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பயணம் முடியும்வரை சாம்பார்ப் பொடியிலும் மணல் நறநறத்தது.

அங்குள்ள தரை பாறை கலந்த சரளை. மெல்லிய முளை உள்ளே இறங்காமல் வளையும். அரை அடிக்குக் குறையாத இரும்பு முளைகளும் ஒரு சுத்தியலும் எடுத்துச் செல்லுங்கள். காற்று வரும் பக்கம் காரை நிறுத்தி, கூடாரத்தின் இழுகயிறுகளில் ஒன்றை அதன் சக்கரத்தில் கட்டுங்கள். கிளம்புமுன் அவிழ்க்க மறவாதிருக்கக் கயிற்றில் ஒரு சிவப்புத் துணியும் கட்டுங்கள். உள்ளே யாரும் இல்லாத நேரத்தில் நான்கு மூலையிலும் கனமான பெட்டிகளை வைப்பதோ, கம்பிகளைக் கழற்றிக் கூடாரத்தைத் தரையில் படுக்கப் போட்டுவிட்டுப் போவதோ நல்லது.

இரவுக் குளிருக்குத் தண்ணீரின் உறைநிலை வரை தாங்கும் ஸ்லீப்பிங் பேக் அடிநிலத்தில் போதும். மேலே 2,000 மீட்டரைத் தாண்டித் தங்குபவர் மே மாதத்திலும் அதைவிடத் தடிப்பானதைக் கொண்டுபோக வேண்டும். போர்வையைக் கூட்டுவதைவிட அடியில் விரிப்பைக் கூட்டுவது பயன் தரும். குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது.

சமையலுக்கு என்ன செய்யலாம்? விறகு அங்கே பொறுக்கலாமா?

பொறுக்கக் கூடாது, காய்ந்த சுள்ளியைக்கூட எடுக்க அனுமதி இல்லை. விறகை வெளியிலிருந்து வாங்கிவந்து, திடலில் இரும்பு வளையம் பதித்த தீக்குழி இருந்தால் மட்டும் எரிக்கலாம். பள்ளத்தாக்கின் அடியில் முள்ளோடு படர்ந்து நிற்கும் மெஸ்கீட் மரம் நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளி என்பதால், அதைப் பார்த்தவுடன் அரிவாளைத் தேடும் மனநிலை நம்மவர்க்கு வரும். இங்கே அது சொந்த மண்ணின் மரம்; அதன் காய் திம்பிஷா மக்களின் உணவு.

அன்றாடச் சமையலுக்குச் சிறிய கேஸ் அடுப்புதான் வசதி. முதல் நாளுக்குப் புளியோதரை, இரண்டாம் நாளுக்கு ஐஸ் பெட்டியில் வைத்த மாவில் தோசை, மூன்றாம் நாளுக்கு உப்புமா என்பது எங்கள் வரிசை. ஒரு தை மாதம் ஃபர்னஸ் கிரீக்கில் தங்கியபோது, கடல்மட்டத்துக்கு 60 மீட்டர் கீழே ஒரு சிறு வெண்கலப் பானையில் பொங்கல் வைத்தோம். அங்கே தண்ணீர் நூறு டிகிரியை ஒரு மயிரிழை தாண்டித்தான் கொதிக்கும், பால் வழக்கம்போல் பொங்கி வழிந்தது. அதே அரிசியை மகாகனி பிளாட்டில் திறந்த பாத்திரத்தில் வைத்தால் நேரம் போய்க்கொண்டே இருக்கும். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகவே வேகாது. மேலே போகிறவர்கள் குக்கரைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கூடாரத்தின் அருகில் ஊற்றாமல், திடலில் அதற்கென இருக்கும் தொட்டியிலோ கழிப்பறையிலோ ஊற்றுங்கள்.

கைபேசி வேலை செய்யுமா? வரைபடச் செயலியை நம்பலாமா?

ஃபர்னஸ் கிரீக்கிலும் ஸ்டவ்பைப் வெல்ஸிலும் ஓரளவு சிக்னல் கிடைக்கும்; பூங்காவின் பெரும்பகுதியில் கிடைக்காது. 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டிய பரப்பு அது. அலாஸ்காவை விட்டுவிட்டால் நாட்டின் மிகப் பெரிய தேசியப் பூங்கா.

வரைபடச் செயலியைத் தார்ச்சாலையை விட்டு இறங்கச் சொல்லும் இடத்தில் நம்பவே நம்பாதீர்கள். சுரங்கக் காலத்து வண்டித் தடங்களையும் அது 'குறுக்குவழி' என்று காட்டும். 2009 ஆகஸ்டில், வழிகாட்டிக் கருவியை நம்பித் தொலைதூர மண்தடம் ஒன்றுக்குள் போன ஒரு தாயின் வண்டி மணலில் புதைந்தது. பூங்காக் காவலர் (ரேஞ்சர்) ஒருவர் கண்டுபிடிப்பதற்குள் அவருடைய ஆறு வயது மகன் இறந்துபோயிருந்தான். அதற்கும் முன், 1996 ஜூலையில் வந்த ஜெர்மானியச் சுற்றுலாப் பயணியர் நால்வரின் வண்டி, மூன்று டயர்கள் போன நிலையில் ஒரு வறண்ட பள்ளத்தில் கிடைத்தது. வண்டியை விட்டு நடந்து போனவர்களின் எச்சங்கள் கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. வண்டி நின்றுவிட்டால் வண்டியோடு இருங்கள். தேடுபவர் கண்ணுக்கு மனிதனைவிடக் கார் எளிதில் படும், அதன் நிழலும் அதிலுள்ள தண்ணீரும் அங்கேதான் இருக்கின்றன. பார்வையாளர் மையத்தில் தரும் தாள் வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே போகிறோம், எந்த நாள் எத்தனை மணிக்குள் அழைப்போம் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பாலைவனத்தில் மழையைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

வேண்டும். ஃபர்னஸ் கிரீக்கின் ஆண்டு மழை ஐந்து சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அடுத்தடுத்த மலைத்தொடர்களில் ஏறி ஏறி மழையை எல்லாம் கொட்டிவிட்டு வெறுங்கையோடுதான் இங்கே இறங்குகிறது. ஆனால் பெய்யும் நாளில் மண் அதை உறிஞ்சாது. 2022 ஆகஸ்ட் 5 அன்று 3.7 சென்டிமீட்டர் மழை பெய்ததில் சாலைகள் துண்டிக்கப்பட்டு ஏறத்தாழ ஆயிரம் பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் ஓராண்டு மழையை ஒரே நாளில் கொட்டியது. பூங்கா அக்டோபர் 15 வரை மூடிக்கிடந்தது. அந்த வெள்ளத்தால் பேட்வாட்டர் உப்புத்தரையில் ஒரு ஏரி உருவாகி, 2024 பிப்ரவரி மழையில் மீண்டும் நிரம்பியதால், வட அமெரிக்காவின் மிக வறண்ட இடத்தில் சில வாரங்கள் மக்கள் படகு வலித்தார்கள்.

ஆகவே வறண்ட ஓடைப்படுகையில் கூடாரம் அடிக்காதீர்கள். மணல் மெத்தென்று சமமாக இருப்பதால் அந்த இடம்தான் கண்ணை ஈர்க்கும். அதைச் சமமாக்கியது வெள்ளம். மலையில் கருமேகம் கண்டால், தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், குறுகிய பள்ளவழிகளுக்குள் நடக்கப் போகாதீர்கள்.

பாம்பு, தேள் தொல்லை இருக்குமா?

குளிர்காலத்தில் பாம்புகள் பெரும்பாலும் வளைக்குள் இருக்கும். பக்கவாட்டில் நெளிந்து செல்லும் சைட்வைண்டர் வெயில் காலத்து இரவுகளில்தான் நடமாடும். காலணியைக் காலையில் உதறிவிட்டு அணிவது, இருட்டில் கல்லுக்கடியில் கைவிடாமலிருப்பது என்ற நம் கிராமத்துப் பழக்கங்கள் போதும். உண்மையான திருடர்கள் அண்டங்காக்கைகள். பையின் ஜிப்பை அலகால் இழுத்துத் திறக்கத் தெரிந்தவை. நரி போன்ற கொயோட்டிகள் ஃபர்னஸ் கிரீக் சாலையோரத்தில் கார்களைப் பார்த்து நிற்கும். அவற்றுக்கு உணவு போடுவது குற்றம். உண்பொருள் எல்லாவற்றையும் காருக்குள் பூட்டிவிட்டுத் தூங்குங்கள்.

இரண்டு பகல்களில் எதையெதைப் பார்க்கலாம்?

முதல் நாள் விடிவதற்கு முன் ஸப்ரிஸ்கி முனை. மஞ்சள் களிமண் மடிப்புகளில் வெளிச்சம் இறங்குவதைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் கோல்டன் பள்ளவழியில் சிறுநடை. பிறகு ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து 27 கிலோமீட்டர் தெற்கே பேட்வாட்டர். அங்கே உப்புத்தரையில் அரை மணி நேரமாவது உள்ளே நடந்து போங்கள்; கார் நிறுத்துமிடத்தின் அருகில் உப்பு மிதிபட்டு அழுக்காக இருக்கும், தள்ளிப் போகப் போகத்தான் அறுகோணக் கோலங்கள் தெளிவாகும். திரும்பி நின்று பாறைச்சுவரை அண்ணாந்து பார்த்தால், கடல்மட்டம் எங்கே என்று காட்டும் ஒரு பலகை தலைக்கு மேலே வெகு உயரத்தில் தெரியும். மாலையில் 1,669 மீட்டர் உயரத்திலுள்ள டான்டேஸ் வியூவுக்கு ஏறி, காலையில் நின்ற அதே உப்புத்தரையை மேலிருந்து பாருங்கள், ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.

இரண்டாம் நாள் விடியலில் மெஸ்கீட் பிளாட் மணல் குன்றுகள். இரவில் நடமாடிய எலிகளும் வண்டுகளும் விட்ட தடங்கள் காற்று அழிக்குமுன் அங்கே எழுதி வைத்ததுபோல் கிடக்கும். பின்னர் மொசைக் பள்ளவழி, மாலையில் உபஹீபி எரிமலை வாய்.

தானே நகரும் கற்களுக்குப் பேர்போன ரேஸ்டிராக் பிளாயாவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். உபஹீபியைத் தாண்டி 43 கிலோமீட்டர் கூரிய கற்கள் நிறைந்த கரடுமுரடான தடம். சாதாரண டயர் கிழிவது உறுதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் அது வேண்டாம். கற்கள் நகரும் மர்மமும் 2014-இல் அவிழ்ந்துவிட்டது: குளிர்கால இரவில் தேங்கிய நீரின்மேல் கண்ணாடிபோல் உறையும் மெல்லிய பனித்தகடு, பகலில் உடைந்து இளங்காற்றில் மிதக்கும்போது கல்லை மெதுவாகத் தள்ளிச் செல்கிறது.

விண்மீன் பார்க்க எந்த இரவு ஏற்றது?

அமாவாசையை ஒட்டிய இரவுகள். நாட்காட்டியில் திதி பார்த்தே முன்பதிவு செய்யலாம். இருண்ட வானத்துக்கான பன்னாட்டு அங்கீகாரம் இந்தப் பூங்காவுக்கு 2013-இல் கிடைத்தது; தென்கிழக்கே லாஸ் வேகஸின் வெளிச்சம் அடிவானத்தில் மங்கலாகத் தெரியும், மற்ற திசையெல்லாம் இருட்டு. குளிர்கால முன்னிரவில் கார்த்திகைக் கொத்தும் ரோகிணியும் திருவாதிரையும் தலைக்கு மேல் வரிசையாக நிற்கும். கார்த்திகையில் ஆறு மீனா ஏழு மீனா என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் எந்த விளக்கும் பார்க்காமல் இருந்தால்தான் எண்ண முடியும். தலைவிளக்கில் சிவப்பொளி இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஊரிலிருந்து பெற்றோர் ஜூலையில்தான் வருகிறார்கள், அப்போது போகலாமா?

காரில் குளிர்சாதனத்தோடு பார்த்துவிட்டு, இரவை லாஸ் வேகஸில் கழிக்கலாம். அடிநிலத்தில் கூடாரம் வேண்டாம். 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ், உலகில் இதுவரை அளந்த மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக ஏற்கப்பட்டிருக்கிறது. அந்த அளவீட்டை ஐயுறும் அறிஞர்களும் உண்டு. தரையின் சூடு அதைவிடக் கொடியது: 1972-இல் ஒரு ஜூலை நாளில் மண்ணின் மேற்பரப்பு 94 டிகிரி காட்டியது. 2024 ஜூலையில் மணல் குன்றில் செருப்பைத் தொலைத்த பெல்ஜியப் பயணி ஒருவருடைய உள்ளங்கால்கள் மூன்றாம் நிலைத் தீக்காயம் அடைந்தன. சூடான மெலிந்த காற்றில் ஹெலிகாப்டர் அங்கே இறங்க முடியாததால், அவரை ஆம்புலன்ஸில் மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோய் அங்கிருந்துதான் ஏற்றினார்கள்.

அந்த மாதத்திலும் தங்கியே ஆக வேண்டும் என்றால், திம்பிஷா மக்கள் போன வழியில் மேலே போங்கள். மகாகனி பிளாட்டில் பைன் மர நிழல் உண்டு; கடைசிச் சில கிலோமீட்டர் மண்சாலைக்கு அடித்தளம் உயர்ந்த வண்டி தேவை. போகும் வழியில் 1877-இல் கட்டிய பத்துக் கரிச்சூளைகள் தேன்கூடு வடிவில் வரிசையாக நிற்கின்றன. உள்ளே நுழைந்தால் இன்றும் புகைநாற்றம் அடிக்கும். முழங்கால் வலி உள்ள பெற்றோருக்கு அதுவே போதும், சிகரம் ஏறும் பாதை போகவர 22 கிலோமீட்டர்.

திடலுக்கு வெளியே, தனியாக எங்காவது கூடாரம் அடிக்கலாமா?

சில மண்சாலைகளின் ஓரத்தில், தார்ச்சாலையிலிருந்து குறைந்தது ஒரு மைல் தள்ளி அடிக்கலாம். சில பகுதிகளுக்கு அனுமதிச்சீட்டு தேவை, தீ மூட்டக் கூடாது. இரண்டு முறையாவது திடலில் தங்கிப் பழகிய பிறகு இதை நினையுங்கள்.

நாய், டிரோன்?

நாயைத் திடலிலும் சாலையிலும் கயிற்றோடு நடத்தலாம், நடைபாதைகளில் அனுமதி இல்லை. டிரோனுக்கு எங்குமே அனுமதி இல்லை.

திரும்பும் நாளில் மிஞ்சிய தண்ணீரை என்ன செய்வது?

பாரத்தைக் குறைப்பதாக எண்ணித் திடலிலேயே கொட்டிவிட்டுக் கிளம்புகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பூங்காவின் எல்லையைத் தாண்டிய பிறகும் அடுத்த ஊர்வரை சிக்னல் இல்லாத நெடுஞ்சாலைதான். வண்டி நிற்பதற்கு அந்தச் சாலையும் ஓர் இடம். நாங்கள் டவுன் கணவாயை ஏறி இறங்கி, பேனமின்ட் பள்ளத்தாக்கையும் கடந்து, ரிட்ஜ்கிரெஸ்டில் பெட்ரோல் போடும்போதுதான் கடைசிக் கேனின் மூடியைத் திறப்போம். கண்ணாடியில் படிந்த உப்பையும் புழுதியையும் கழுவ அது சரியாக இருக்கும்.